ஹத்தியம்மன் வளைவு

சாலை இடம் மாறிப் போய்விட்டது. அம்மன் மட்டும் பழைய வளைவிலேயே இருந்தாள்.

ஹொன்னப்ப குனகா காலையில் கோயில் கதவைத் திறந்ததும் முதலில் பழைய சாலையின் தாரைத்தான் பார்ப்பார். நேற்று இல்லாத புல் இன்று எங்கே முளைத்திருக்கிறது என்று கண் தேடும். ஒரு மழைக்காலம்தான் கழிந்திருந்தது. அதற்குள் நடுக்கோட்டின் வெள்ளைப் பட்டையைப் பிளந்துகொண்டு தொட்டாற்சிணுங்கி கிளம்பியிருந்தது. குமட்டாவும் சிரசியும் எவ்வளவு தூரம் என்று சொல்லும் பச்சைத் தலைக் கல், கேட்பாரில்லாமல் பாசி ஏறி நின்றது. லாரிகள் நின்று நின்று எண்ணெய் சொட்டிய கறுப்பில் ஒரு ஓணான் வெயில் காயும். அதற்கு இப்போதெல்லாம் ஹொன்னப்பாவைக் கண்டு பயம் இல்லை.

புதிய சாலை மலையின் மேல் தோளை அறுத்துக்கொண்டு நேராகப் போகிறது. காடு அடர்த்தி என்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஹாரன் சத்தம் மட்டும் இலைகளுக்கு மேலாக வந்து போகும். அடுத்த வீட்டுக் கல்யாணத்தை வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்பதுபோல இருக்கும் அவருக்கு.

மனைவி போய்ச்சேர்ந்து வெகு நாளாகிறது. மகன் கோவாவில் ஏதோ கப்பல் பட்டறையில் இருக்கிறான். இத்தனை காலமும் அவருக்குச் சொந்தக்காரர்கள் இந்தச் சாலையில் வந்துபோனவர்கள்தான். இப்போது பூஜை முடிந்து திரும்பினால் தீர்த்தம் வாங்க ஒரு கை கிடையாது. ஊற்றிய தீர்த்தத்தைத் தானே குடித்துவிட்டு, "என்னம்மா, இன்னைக்கும் நானும் நீயும்தானா?" என்பார்.

சாலைக்கு எண் வருவதற்கு முந்தியே அவள் அங்கே இருந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் மேட்டு நாட்டுக் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தியெல்லாம் மாட்டு வண்டியில் இந்த மலை இறங்கித்தான் குமட்டாத் துறைமுகத்துக்குப் போனது. திரும்பும் வண்டிகளில் உப்பும் தேங்காயும் ஏறின. இறக்கம் ஆரம்பிக்கும் இந்த வளைவில் வண்டிக்காரர்களுக்கு வண்டி உருண்டுவிடுமோ என்று பயம் வரும். மாட்டை நிறுத்தி, பொதியிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துப் பாறை இடுக்கில் வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்குவார்கள். பாறை அம்மனானாள். அந்த நாட்டில் ஹத்தி என்றால் பருத்தி, அதனால் ஹத்தியம்மன். பஞ்சைத் திரியாக்கி விளக்கேற்றும் வேலை மண் பிசைந்து பானை வனையும் குனகர் குடும்பத்துக்கு வந்தது.

வண்டி போய் லாரி வந்தது. பருத்தி வேறு வழிகளில் போக ஆரம்பித்தது. வழக்கம் மட்டும் விடவில்லை. சிமென்ட் ஏற்றியவனும் மீன் ஏற்றியவனும், வேறொன்றும் இல்லாவிட்டால் தன் சீட்டுக் கிழிசலிலிருந்து ஒரு சிட்டிகை பஞ்சைப் பிய்த்துக் கொண்டுவந்து வைப்பான். ஹூப்ளி லாரி டிரைவர் கவுஸ் அப்படிப் பிய்த்துப் பிய்த்தே தன் சீட்டை வெறும் பலகையாக்கிவிட்டான். "உங்க அம்மா என் முதுகை ஒடிச்சிட்டா, குனகரே," என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். ஒவ்வொரு முறையும் வைப்பான்.

புதிய சாலையில் ஓட்டல் கட்டியிருந்த தம்மண்ண நாயக் ஒருநாள் பைக்கில் இறங்கி வந்தார். கோயில் கமிட்டிக்கு அவர்தான் தலைவர்.

"இன்னும் உசுரோட இருக்கீங்களா, குனகரே?"

"சாகறதுன்னாலும் தூக்கிட்டுப் போக நாலு ஆளு வேணுமே. அதான் இருக்கேன்."

நாயக் சிரித்தார். "அம்மாவுக்கு இந்தப் பாழுங்காட்டுல என்ன வேலை? மேல லைட்டு இருக்கு, ஜனம் இருக்கு. என் ஓட்டல் பக்கத்துலயே எடம் தர்றேன். உங்களுக்கும் ஒரு ரூம். காலைல சூடா டீ, பேச்சுக்கு ஆளு. போதாதா?"

ஹொன்னப்பாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. டீக்காக அல்ல, பேச்சுக்காக. "அம்மாவைக் கேக்கணுமே," என்றார்.

"கேப்போம். வர்ற வெள்ளிக்கிழமை பூ வச்சுக் கேப்போம்." நாயக் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டுக் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "பூ ஒட்டற கை உங்க கைதானே. பாத்து ஒட்டுங்க."

பூ கேட்பது அந்த மலைநாட்டில் எல்லா ஊரிலும் உண்டு. கல்யாணமோ, காணாமல்போன மாடோ, மனிதருக்கு முடிவு தெரியாத எதுவானாலும் தேவியிடம்தான் கேட்பார்கள். கமுகம்பாளையின் மொட்டுகளைத் தண்ணீரில் நனைத்து அம்மனின் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒட்டுவார்கள். அவள் வலப்பக்கத்து மொட்டு முதலில் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் மாட்டேன் என்று அர்த்தம். கேட்கும்போது ஏற்றிய விளக்கு எரியும்வரை கேள்விக்கு உயிர் உண்டு.

தண்ணீர் சீக்கிரம் காயும், சந்தனம் நாள் முழுக்கப் பிடித்துக்கொள்ளும் என்பது ஒட்டுகிற கைக்குத் தெரியும். ஹொன்னப்பாவின் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் கை ஒருநாளும் அதைச் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை நாயக்கும் கமிட்டிக்காரர்களும் வந்தார்கள். மேலே லாரியை நிறுத்திவிட்டு கவுஸும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வந்திருந்தான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வளைவில் செருப்புச் சத்தம், இருமல், பீடி வாசனை. ஹொன்னப்பாவுக்கு அழுகையே வரும்போல இருந்தது. தினமும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும்! கருவறைக்குள் போய் அம்மனுக்கு முன்னால் உட்கார்ந்தார். வலப்பக்கத்து மொட்டைத் தண்ணீரில் தோய்த்து ஒட்டினார். இடப்பக்கத்து மொட்டின் அடியில், நகக்கண் அளவு சந்தனம் தடவினார். அதை ஒட்டும்போது அம்மனின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே யாரோ காலை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது.

"அடடே, சோமக்காவா! நீயும் வந்துட்டியா?" என்றார் நாயக்.

சோமி வளைவுக்குக் கீழே, சரிவில் தனிக்குடிசையில் இருப்பவள். ஹாலக்கி இனத்துக்காரி, கழுத்தில் கறுப்பு மணிமாலைகள் அடுக்கடுக்காகத் தொங்கும். ஒரு கால் சூம்பியது. பஸ் நிற்கும் காலத்தில் வெள்ளரிக்காயைப் பிளந்து உப்பும் மிளகாயும் தூவி ஜன்னல் வழியாக விற்பாள். பஸ் போனபின் அவள் மேலே ஏறி வருவது அபூர்வம். அவளும் ஹொன்னப்பாவும் ஒருவருக்கொருவர் நல்லது கெட்டது கேட்டுக்கொண்டதுகூட இல்லை. அவருக்குக் கோயில் வேலை, அவளுக்கு வெள்ளரி வேலை.

"வருஷத்து முதல் காய். அம்மாவுக்குக் குடுக்காம திங்க முடியுமா?" என்றபடி படியில் காயை வைத்தாள். அப்படியே நிமிர்ந்தவள் கண்ணில் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியத் தூக்கு பட்டது. "ஏ குனகா! என் தூக்கு இங்கயா இருக்கு? இங்க விட்டத மறந்துட்டு வீடு பூரா தேடினேன்!"

ஹொன்னப்பா திரும்பிப் பார்த்தார். ஆனி மழையில் அவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, ஒரு சாயங்காலம் மணி அடிக்கவில்லை. மறுநாள் விடிந்து பார்த்தால் படியில் அந்தத் தூக்கு நிறையக் கஞ்சியும் மேலே சுட்ட கருவாடும் இருந்தன. மேலிருந்து நாயக் கொடுத்தனுப்பினார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"நீயா வச்சே?"

"பின்னே, புலியா வச்சுட்டுப் போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். சோமியும் சிரித்தாள். பிறகு கருவறையைப் பார்த்துக் கைகூப்பி, யாரும் இல்லாததுபோல அம்மனிடம் உரக்கவே பேசினாள்:

"அம்மா, போறதுன்னா போ. உன்னைப் பிடிச்சு வைக்க நான் யாரு? சாயங்காலம் உன் மணி கேட்டாத்தான் நான் கஞ்சிய அடுப்புல இருந்து எறக்குவேன். சரி, மேல இன்னும் ஒரு ஜீவன் இருக்குன்னு மனசு சொல்லும். அது பழகிப்போச்சு. வேற பழக்கம் பண்ணிக்கறேன்."

அந்தக் காலோடு மழைச் சரிவில், வழுக்குப் பாறையில், ஒரு தூக்குக் கஞ்சியோடு ஏறி வந்திருக்கிறாள். மணி ஒருநாள் அடிக்கவில்லை என்பதற்காக. ஹொன்னப்பா திரும்பி அம்மனைப் பார்த்தார். இப்போதுதான் பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார். இரண்டு மொட்டுகளையும் எடுத்துவிட்டார். ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். புதிதாக இரண்டு மொட்டுகளை ஒரே கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து ஒட்டினார். விளக்கைத் தூண்டிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தார்.

நாயக்கின் முகம் சுருங்கியது.

பூ விழவில்லை.

வெயில் படியேறி வந்து இறங்கியது. கமிட்டிக்காரர்கள் பீடி தீர்ந்து மேலே போனார்கள். சரக்கு காத்திருக்கிறது என்று கவுஸ் எழுந்தான். பழக்க தோஷத்தில் சட்டைப்பையைத் துழாவி ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து வைத்தான். "நேரம் எடுத்துக்க அம்மா. எங்க வீட்லயும் பதில் வர ரெண்டு நாளாகும்," என்று சொல்லிவிட்டுப் போனான். கடைசியாக நாயக்கும் எழுந்தார். "இன்னொரு வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம். அடுத்த தடவையாவது கைய சரியா வைங்க, குனகரே." அந்தக் குரலில் இருந்த கோபம் பைக்கின் சத்தத்திலும் இருந்தது.

காடு பழையபடி மூடிக்கொண்டது. சோமி மட்டும் போகவில்லை. இறக்கத்தில் கால் வலிக்கும் என்று தள்ளிப் போட்டாளோ என்னவோ. வெள்ளரியை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அவரிடம் நீட்டினாள். இருவரும் தின்றார்கள்.

பொழுது சாயும் நேரம். சுடர் தாழ்ந்து ஆடியது. உள்ளே மிக மெல்லிய ஓசை, கூரையிலிருந்து ஒரு துளி சொட்டியதுபோல. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அம்மனின் வலப்பக்கத்து மொட்டு பீடத்தில் கிடந்தது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

ஹொன்னப்பா பழைய சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"யாரும் பாக்கல," என்றார் ஹொன்னப்பா. அவர் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. "நாம ரெண்டு பேருதான்."

"நாம பாத்தோமே."

"நான் வாயத் தொறக்கலேன்னா அம்மா இங்கயே இருப்பா, சோமக்கா. மணியும் இருக்கும்."

"பைத்தியமா உனக்கு?" சோமி கோபமாகவே கேட்டாள். "எனக்கு ஒத்தாசை பண்றேன்னு சாமிய பொய் சொல்ல வைப்பியா? மேல வண்டி ஓட்டறவனுக்கெல்லாம் பயம் கெடையாதா? அவன் பஞ்ச எங்க வைப்பான்? போய் சொல்லு. நாளைக்குக் காலைல முதல் வேலையா சொல்லு." கழியை ஊன்றி எழுந்தாள். தூக்கை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஹொன்னப்பா மேலே போய்ச் சொன்னார். நாயக் முதலில் நம்பவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்து நம்பினார். அவரே கீழே வந்து, உள்ளே கிடந்த மொட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நல்ல நாள் பார்த்து அம்மனை மேலே கொண்டுபோனார்கள். டைல்ஸ் ஒட்டிய கோயில், வாசலில் குழல்விளக்கு, தலையில் இடிக்கும் அளவுக்குப் பெரிய மணி. லாரிகள் நிற்கின்றன. டிரைவர்கள் சீட்டைப் பிய்க்கிறார்கள். ஹொன்னப்பாவுக்குப் பேசிப் பேசித் தொண்டை கட்டுகிறது. பேச்சுக்கு ஆசைப்பட்டது பாவமில்லை என்று அம்மனே சொன்னதுபோல இருந்தது அவருக்கு.

அம்மனைக் கேட்டது அவள் போவதைப் பற்றி. ஹொன்னப்பா போவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அதை யோசித்துத்தான், பழைய மணியை மட்டும் அங்கேயே விட்டுவிடும்படி நாயக்கிடம் கேட்டார்.

"ஆளில்லாத எடத்துல மணி எதுக்கு?"

"ஒரு ஆளு இருக்கு."

நாயக் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, "ரூம் சாவிய என்ன பண்ண?" என்றார்.

"சாமான் வைங்க. ராத்திரிக்கு நான் கீழ போயிடறேன்."

சாயங்காலம் மேலே ஆரத்தி முடிந்ததும் அவர் பழைய சாலையில் நடப்பார். தார் எங்கே, புல் எங்கே என்று காலுக்குத் தெரியும். வண்டி மாடும், லாரியும், பஸ்ஸும் போன சாலையில் இப்போது போகிற ஒரே பிராணி அவர்தான். பக்கத்தில் யாரும் இல்லை. ஹாரன் சத்தம் பின்னால் தேய்ந்து தேய்ந்து, வளைவு வருவதற்குள் ஒன்றுமில்லாமல் போகும்.

வெறும் பீடம். சாந்து பெயர்ந்த இடத்தில் பழைய பாறை தெரிகிறது. முதல் நாள் அவர் போனபோது பாறை இடுக்கில் ஒரு சிட்டிகை பஞ்சு இருந்தது. லாரிச் சீட்டுப் பஞ்சு அல்ல. தலையணையிலிருந்து பிய்த்த இலவம் பஞ்சு, சற்று அழுக்கு. யார் வைத்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. கேட்கவும் தேவைப்படவில்லை.

அதைத் திரித்து விளக்கேற்றினார். மணியை அடித்தார். சத்தம் சரிவில் இறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

கீழே, இருட்டத் தொடங்கிய மரங்களுக்கிடையில், அடுப்பிலிருந்து பானையை இறக்கும் சத்தம் கேட்டது.