கோட்டை ஆஸ்பத்திரியில் செல்லபாய்

திருவனந்தபுரத்தில் அந்தப் பழைய கோட்டைக்குள் ராணுவ ஆஸ்பத்திரி வந்தது இரண்டாம் உலகப்போரின்போது. மகாராஜா காலத்து வெடிமருந்துக் கிடங்குகளில் சன்னல் வெட்டிக் கட்டில் போட்டார்கள். எழுபத்தொன்றில் பாகிஸ்தான் யுத்தம் முடிந்தபோது இடம் போதாமல் நடைவழியிலும் ஆட்கள் கிடந்தார்கள்.

அப்படி வந்தவன் மார்த்தாண்டத்துத் தங்கப்பன். கண்ணிவெடியில் இரண்டு கால்களும் முழங்காலுக்கு மேலேயே போயிருந்தன. மனைவி செல்லபாயோடு ஒரு லீவுக் காலம்தான் வாழ்ந்திருந்தான். அவள் தேடி வந்தபோது, "எனக்குக் கெட்டினவ யாரும் இல்ல" என்று வாசல் காவலுக்குச் சொல்லியனுப்பினான். சின்னப் பெண், வேறு வாழ்க்கை தேடிக்கொள்ளட்டும் என்று நினைத்தான்.

செல்லபாய் ஊருக்குத் திரும்பவில்லை. வீங்கி நின்ற கோட்டைச் சுவரைப் பிரித்துக் கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிக் கொத்தனார் லிங்கத்திடம் கேட்டுச் சித்தாளாகச் சேர்ந்தாள். தலையில் மண்சட்டியோடு போனவளைக் காவல்காரன் தடுக்கவில்லை.

சன்னலுக்கு வெளியே அவளைக் கண்டதும் தங்கப்பன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

"இங்க நிக்காத. போயிரு."

"நிங்க ஆரு என்னப் போவச் சொல்ல? நான் வேலைக்கு வந்த ஆளாக்கும்."

தினமும் அவ்வழியே போனாள். சில நாள் அவித்த மரச்சீனிக் கிழங்கைச் சன்னலில் வைத்துவிட்டுப் போவாள். முதலில் அவன் தொடவில்லை. பிறகு தின்றான். பேச்சு மட்டும் கொடுக்கவில்லை.

ஆனி மழையில் சுவர் வேலையாட்கள் மேல் சரிந்தது. கட்டிலிலிருந்து விழுந்து, கைகளால் ஊர்ந்து, தங்கப்பன் சேற்றுக்குள் போய்ச் சேர்ந்தபோது லிங்கமும் மற்றவர்களும் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். செல்லபாய்க்கு இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது.

"வேலைக்காரங்கள இங்க எடுக்க ஒக்காது. ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க," என்றார் இளம் டாக்டர். சாலையில் இடுப்பளவு வெள்ளம்.

"சாரே, அது எனக்க பெண்டாட்டியாக்கும்."

"உனக்கு யாருமில்லன்னு சொன்னியே?"

"கள்ளம் சொன்னேன், சாரே."

டாக்டர் யோசிப்பதற்குள் நர்ஸ் ராகேல் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துவிட்டாள். தங்கப்பனின் கட்டிலிலேயே செல்லபாயைக் கிடத்தினார்கள். அவன் தரையில் இருந்தான்.

சாயங்காலம் அவள் கண் திறந்தாள்.

"உனக்கு வயசு கெடக்கே, நல்லா இருக்கட்டும்னுதான்..." என்று தொடங்கினான்.

"அத எங்கிட்டயில்லா கேட்டிருக்கணும்," என்றாள் செல்லபாய்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் மத்தியானம் அவள் இறந்துபோனாள்.

மிச்சச் சுவரையும் இடிக்க உத்தரவாகி, ஆஸ்பத்திரி வேறு இடத்துக்கு மாறியது பின்னால்தான். அவள் இறந்த அன்று ராணுவ லாரி சவப்பெட்டியையும் தங்கப்பனையும் ஒன்றாக ஊருக்குக் கொண்டுபோனது. வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிய பிறகு அவனை இறக்க வந்தார்கள். செல்லபாயின் அம்மா தாசம்மாள் அப்போதுதான் கால்கள் இல்லாத அவனைப் பார்த்தாள்.

"மருமவன் சொகமாட்டு இருக்கியாருன்னுல்லா எனக்க மோளு சொல்லி விட்டா," என்றாள்.

அவன் தலை குனிந்தான். தாசம்மாள் அவன் கக்கத்தில் கைகொடுத்து, மற்றவர்களோடு சேர்ந்து கீழே இறக்கினாள்.