வேலியோரத்து ஆவாரம்பூ

“இன்னும் கொஞ்சம் வேகமா போங்கண்ணா!”

ஆட்டோவுக்குள்ளிருந்து சுசித்ரா கத்தினாள். மடியில் கிடந்த அம்மா கெம்பம்மாவின் வாயிலிருந்து எச்சில் நிற்காமல் வழிந்தது. துடைத்துத் துடைத்துத் துப்பட்டாவே நனைந்துவிட்டது. மிச்சக் கஷாயம் இருந்த பாட்டில் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. பேரிகையிலிருந்து ஓசூருக்கு இவ்வளவு தூரமா?

காலையில் அம்மா நன்றாகத்தான் இருந்தாள். “என்னடி, மாட்டுக்குத் தண்ணி காட்டற மாதிரி சொம்பு நெறய காட்டற!” என்று கிண்டல் செய்துகொண்டே கஷாயத்தை மடமடவென்று குடித்தாள்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எந்தக் காட்டுப்பூவில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்று சுசித்ரா சோதித்துக்கொண்டிருந்தாள். பூ வேகவைத்த தண்ணீரை அயோடினில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பழுப்பு நிறம் சீக்கிரம் மறைந்தால் சத்து அதிகம். தும்பையையும் நெருஞ்சியையும் ஆவாரம்பூ அடித்துத் தள்ளிவிட்டது. சர்க்கரைக்கு நல்லது என்று ஊரே சொல்லும் பூ. அம்மாவுக்கோ மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. கரட்டு மேட்டில் செடியெல்லாம் காய்ந்து கிடக்க, பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸின் வேலியோரம் மட்டும் மஞ்சளாகப் பூத்திருந்தது. பை நிறையப் பறித்து வந்து, இன்று காலை அம்மாவுக்குக் கஷாயம் காய்ச்சினாள்.

அப்பா திம்மராயன் அந்தப் பாலிஹவுஸில்தான் பூச்சிமருந்து அடிக்கிறார். வேலை உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

“எங்க பறிச்ச பாப்பா?”

“உங்க வேலியோரந்தாம்ப்பா.”

அப்பா அவள் கையிலிருந்த கஷாயப் பாட்டிலைப் பார்த்தார். “டேங்க்ல மிஞ்சின மருந்தெல்லாம் அங்கதான ஊத்துவேன். நேத்துகூட ஊத்தினேனே...”

டாக்டரம்மா வெளியே வந்தார். “ஊசி போட்டிருக்கோம். இன்னும் மூச்சு திணறுது. என்ன மருந்துன்னு பேர் சொல்லுங்க.”

“தெரியாதுங்க மேடம். சூப்பர்வைசரே கலந்து டிரம்ல வெச்சிருவாரு. நாங்க அடிக்கறதோட சரி.”

“அவருக்குப் போன் போடுங்க!”

“போட்டேங்க. ‘மருந்தா, நாங்க அதெல்லாம் அடிக்கறதே இல்லியே’ன்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டாரு. இப்ப எடுக்க மாட்டேங்கறாரு.”

கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் மூச்சு கரகரவென்று இழுத்தது. டாக்டரம்மா சுசித்ராவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தெளிந்த பொன் நிறம். நேற்று அயோடினைத் தோற்கடித்த அதே நிறம்.

“நீதானம்மா காய்ச்சினே? இதுக்குள்ள என்ன இருக்கு?”