திரௌபதியின் ஐம்பது மில்லி

மரக்காணம் உப்பளத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து இறங்கிய அன்று, அங்கே வேலை செய்த அறுபது பெண்களில் ஒருத்தியிடம்கூட மூத்திரம் இல்லை.

டாக்டர் அருண்ராஜ் இதை எதிர்பார்க்கவில்லை. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சிறுநீரகத்தைப் பற்றிப் பதினோரு வருடமாக ஆராய்கிறவர். சிறுநீரகத்தின் செல்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகளை வெளியே விடுகின்றன. செல் எந்த நிலைமையில் இருக்கிறது என்ற சேதி அந்தப் பைக்குள் இருக்கும். அந்தப் பைகள் சிறுநீரோடு வெளியே வருகின்றன. பிரித்துப் படித்தால், ரத்தப் பரிசோதனையில் எதுவும் தெரியாத காலத்திலேயே கிட்னி கெடத் தொடங்கியதைக் கண்டுபிடித்துவிடலாம். இதற்காக அவர் புகை கக்கும் டிரை ஐஸ் பெட்டி, மூடி போட்ட டப்பாக்கள், பார்கோடு ஸ்டிக்கர், நான்கு விதமான கையுறை எல்லாம் கொண்டுவந்திருந்தார். உப்பளத்துக்காரர்கள் கொடுக்க வேண்டியது ஆளுக்கு ஐம்பது மில்லி. அது ஒன்றுதான் குறை.

முதலில் கையெழுத்துப் போட்டவள் திரௌபதி. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக உப்பு வாருகிறாள். அவளோடு இதே பாத்திகளில் வேலை செய்த தங்கை கொளஞ்சி, இரண்டு வருடத்துக்கு முன்னால், டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தபோதே செத்துப்போனாள். அதனால் கிட்னி என்ற வார்த்தையைக் கேட்டதும் திரௌபதி வேறெதுவும் கேட்காமல் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் டப்பாவை மட்டும் காலியாகவே திருப்பிக் கொடுத்தாள்.

"வரலியாக்கா?" என்றாள் சங்கீதா. வானூர்க்காரி. டாக்டரிடம் களப்பணியாளராகச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

"காலையில நாலரைக்கு வூட்டாண்ட போயிட்டு வந்ததுதான். இனிமே சாயங்காலம்தாம்மா."

"தண்ணியே குடிக்கலியா?"

"குடிச்சா போவணும். எங்க போறது? நீயே சுத்திப் பாரு."

சங்கீதா சுற்றிப் பார்த்தாள். சாலை வரைக்கும் வெள்ளை வெளேரென்று பாத்திகள். முழங்கால் உயரத்துக்குக்கூட மறைவு கிடையாது. பாண்டிச்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் இங்கிருந்தே தெரிந்தது.

மேஸ்திரி மாயவன் சமாதானம் சொன்னார்: "அதெல்லாம் அவங்களுக்குப் பழகிடுச்சு சார். இவ்ளோ வருஷத்துல ஒரு பொம்பளை கம்ப்ளைண்ட் பண்ணதில்ல."

டாக்டர் தன் நோட்டில் 'மாதிரி கிடைப்பதில் தொழில்நுட்பச் சிக்கல்' என்று எழுதிக்கொண்டார்.

தொழில்நுட்பச் சிக்கல் என்று எழுதியதால் அது உடனே தீர்ந்தது. அடுத்த வாரமே பச்சை நிறக் கூடாரம் ஒன்று வந்தது. உள்ளே பிளாஸ்டிக் கக்கூஸ், கை கழுவத் தண்ணீர், தாழ்ப்பாள். வெளியே பலகை: 'உயிரியல் மாதிரி சேகரிப்பு அலகு'. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த உப்பளத்தில் ஒரு பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரௌபதி வெளியே வரக் கொஞ்சம் நேரமானது. "நிழலா இருந்துச்சு, ஒக்காந்துட்டேன்" என்றாள். அன்று அவள் கொடுத்தது, வேண்டிய ஐம்பது மில்லிக்குக் குறைவு, பால் விடாத வரட்டீயின் நிறம். சங்கீதா அதற்கு ஸ்டிக்கர் ஒட்டி, குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு போய் ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

ஒரு நிபந்தனை இருந்தது. ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் உத்தரவுப்படி, கூடாரத்தை மாதிரி கொடுக்க மட்டும்தான் பயன்படுத்தலாம். சும்மா போகக் கூடாது. சும்மா போனால் அது விதிமீறல். மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும்.

பெண்கள் விதியை மீறவில்லை. மறுநாள் பத்து மணிக்கு, திரௌபதியோடு உப்பு வாரும் அமராவதி வந்தாள். "பாப்பா, நான் இன்னிக்கும் சாம்பிள் குடுக்கறேன்."

"ஒங்களுது நேத்தே எடுத்தாச்சேக்கா."

"நேத்து நல்லா வரல. இன்னிக்கு நல்லா குடுக்கறேன், வச்சுக்கோ."

பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஏழு பேர், அறிவியலுக்குப் பெரிய தொண்டு செய்யும் முகத்தோடு. சங்கீதா கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு டப்பாப் பெட்டியைப் பிரித்தாள். அந்த வாரத்திலிருந்து பெண்கள் வீட்டிலிருந்து இரண்டு லிட்டர் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

சென்னையில் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். ஒரே ஆளிடமிருந்து இத்தனை மாதிரிகள் உலகத்தில் எவருக்கும் கிடைத்ததில்லை என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். ஆறாவது வாரம் முடிவுகளைக் கிராஃபில் போட்டுப் பார்த்தபோது சந்தோஷம் போய்விட்டது. முதல் நாள் உச்சத்தில் நின்ற சேதாரக் கோடு, வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே வந்திருந்தது. வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது. கிட்னி மோசமாவதைப் படிப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சியில் கிட்னிகள் தேறிக்கொண்டிருந்தன.

மறுநாளே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"சங்கீதா, இவங்க தண்ணி குடிக்கறாங்களா?"

"ஆமா சார்."

"யாரு குடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். போறதுக்கு எடம் இருக்குது, குடிக்கறாங்க."

டாக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இயற்கையான சூழல் கெட்டுப்போச்சும்மா. டேட்டா மொத்தமும் பாழ். கூடாரத்தப் பிரிக்கச் சொல்லு. ஒரு மாசம் கழிச்சுப் பழைய நிலைமைக்கு வந்ததும் மறுபடி ஆரம்பிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. அந்த வெயிலில் நிற்கும்போதும் அவர் கண்ணுக்கு கிராஃப்தான் தெரிந்தது, அவ்வளவுதான்.

இரண்டு ஆட்கள் கூடாரத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். திரௌபதி உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டுப் பாத்தியிலிருந்து ஏறி வந்தாள். காலெல்லாம் உப்பு.

"சார், போறதுக்கு முன்னாடி என்னோடதுல என்னா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போங்க."

"தனித்தனியா சொல்லக் கூடாதும்மா. இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்ல."

"பைக்குள்ள சேதி இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க? அது என் ஒடம்பு அனுப்புனது. மெட்ராஸ்ல எல்லாரும் படிச்சிட்டீங்க. எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்களா?" அவள் இன்னும் ஓரடி கிட்டே வந்தாள். "கொளஞ்சிக்கும் யாரும் சொல்லல சார். கால் வீங்குன அப்புறம்தான் சொன்னாங்க."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது சங்கீதா ஒப்புதல் படிவத்தைப் புரட்டி, ஐந்தாம் பக்கத்தை உரக்கப் படித்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தவளின் குரல் அது.

"பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும், காரணம் கூறாமல், ஆய்விலிருந்து விலகலாம். அவர் கோரினால் அவருடைய மாதிரிகள் அழிக்கப்படும்."

"அப்டின்னா?" என்றாள் அமராவதி.

"வேணாம்னா வேணாம்னு சொல்லலாம்க்கா. ஒங்களுத கீழ ஊத்திடணும்."

"நான் வெலகிக்கறேன் சார்" என்றாள் திரௌபதி. "நூத்திப் பதினேழு டப்பா குடுத்திருக்கேன். எல்லாத்தையும் ஊத்திடுங்க."

"நானும்" என்றாள் அமராவதி. அதற்குப் பிறகு யார் யார் சொன்னார்கள் என்று எண்ண முடியவில்லை. பாத்தி வரப்புகளில் பலகைகள் வரிசையாக விழுந்தன.

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அந்த டப்பாக்கள் மைனஸ் எண்பது டிகிரியில் இருந்தன. அவற்றுக்குத் தனி அறை, தனி ஜெனரேட்டர். கரண்டு போனால் அவருடைய போனில் அலாரம் அடிக்கும். அவர் காருக்குள் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் யார் யாரிடமோ பேசினார். இறங்கி வந்தபோது ஆராய்ச்சியின் தலைப்பு மாறியிருந்தது. இனி அது கிட்னி கெடுவதைப் பற்றியது இல்லை; 'வெப்பத்தில் உழைக்கும் பெண்களிடம் நீர் அருந்துதலின் பயன்'. கூடாரம் அந்த ஆராய்ச்சியின் முக்கியக் கருவி. தனித்தனி முடிவுகளை டாக்டர் ஒருவர் வந்து நேரிலேயே சொல்வார்.

"கருவின்னா, சும்மா போலாமா?" என்று கேட்டாள் திரௌபதி.

"போலாம்மா. போங்க."

பெண் டாக்டர் ஒருவர் வந்து முடிவுகளைச் சொன்னார். பலருக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. திரௌபதிக்கு இருந்தது. நுண்பைகள் சொன்னதை, எடுத்துப் பார்த்த ரத்தமும் சொன்னது: ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய கிரியாட்டினின் 1.8. இடுப்பு வலிக்காகப் பல வருடமாகத் தினமும் விழுங்கிவந்த வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும், அன்றே நிறுத்த வேண்டும் என்றார் அவர். திரௌபதி அழவில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது மட்டும், பக்கத்திலிருந்த அமராவதியின் கையை இறங்கும் வரைக்கும் விடவில்லை.

மழைக்கு உப்பளம் மூடிய மாதங்களில் கட்டுரை வெளியானது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீர் குடிப்பது நல்லது என்பது நுண்பைகளின் மூலம் உறுதிப்படுத்தப்பட்டிருக்கிறது என்றது அது. டாக்டர் அருண்ராஜ் இரண்டு நாடுகளுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்.

அடுத்த பருவம் தொடங்கியபோது, கக்கூஸ் இல்லாமல் பாத்தியில் இறங்க மாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டதால், முதலாளி செங்கல்லில் இரண்டு கட்டினார். ஒன்றில் மாயவன் பூட்டுப் போட்டு, 'பார்வையாளர்களுக்கு மட்டும்' என்று எழுதினார். நான்காம் நாள் பூட்டைக் காணவில்லை. யார் உடைத்தது என்று அவர் கேட்டதற்கு அறுபது பேரும் மும்முரமாக உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

பங்குனியில் திரௌபதி மறுபடியும் ரத்தம் கொடுத்தாள். "ஏறல" என்றார் பெண் டாக்டர்.

"எறங்கலியாம்மா?"

"இனி எறங்காது. ஏறாமப் பாத்துக்கணும்."

திரௌபதி சீட்டை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, தங்கச்சி மகளுக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமா என்று கேட்டாள்.