பதின்மூன்றாம் தேதியில் நின்ற கடிகாரம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாலே நெஞ்சு படபடக்கும். ஆனால் கடலுக்குள் முந்நூறு மீட்டர் ஆழம் வரை தாங்கக்கூடிய கைக்கடிகாரங்கள் ஐந்து அவரிடம் இருந்தன.

"கை கழுவும்போதுகூடக் கழட்டி வெச்சிட்டுத்தான் கழுவுறீங்க. அப்புறம் எதுக்கு முந்நூறு மீட்டர்?" என்று அவர் மனைவி கேட்பாள். அவற்றின் விலையை அவர் எப்போதும் பாதியாகத்தான் சொல்லியிருந்தார். அந்தப் பாதிக்கே அவள் ஒரு வாரம் பேசாமல் இருந்ததுண்டு.

நாள் முழுக்க லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினால் வாடிக்கையாளருக்குத் தலைவலி வந்துவிடும். அதனாலோ என்னவோ, பிசகவே கூடாது என்று செய்யப்பட்ட பொருள்களின் மேல் அவருக்கு அப்படியொரு மோகம். அந்த வீட்டில் அவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் மனைவியின் தம்பி. நிலம் அளக்கும் சர்வேயர். அவனிடம் கடிகாரத்தைக் கையில் கொடுத்து விளக்குவார்.

"இந்த வெளி வளையம் இருக்கு பாரு மாப்ள, இது ஒரு பக்கமாத்தான் திரும்பும். தண்ணிக்குள்ள இறங்கும்போது இந்தப் புள்ளியை நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சிடணும். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அது காட்டும். எங்கேயாவது இடிச்சு வளையம் நகர்ந்தாலும், அதிக நேரம் ஆயிட்டதாத்தான் காட்டும். குறைச்சுக் காட்டவே காட்டாது. சீக்கிரம் மேல வந்துடலாம். தப்பு நடந்தாலும் உயிருக்குச் சாதகமா நடக்கணும்னு எவனோ உக்காந்து யோசிச்சிருக்கான்."

"அத்தான், இதைக் கட்டிட்டு நீங்க பாத்திரம் தேய்ச்சாலாவது அக்கா சந்தோஷப்படும்" என்பான் அவன்.

அவன் கல்யாணத்துக்கு அவர் ஐந்தில் ஒன்றைக் கொடுத்தார். கறுப்பு முகப்பு, எஃகுப் பட்டை, கை அசைய அசையத் தானே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக். அன்றிலிருந்து அவன் அதைக் கழற்றவில்லை. வாளித் தண்ணீரில் குளிக்கிறவனுக்கு வீட்டில் 'டைவர்' என்று பெயர் விழுந்தது.

ஒரு மாதம் எட்டாம் தேதி, மாலை ஆறு மணிக்கு, டைவர் மலைப்பக்கம் ஒரு நிலத்தை அளந்துவிட்டுத் தன் வெள்ளைக் காரில் கிளம்புவதாக மனைவிக்குப் போன் செய்தான். வீடு வந்து சேரவில்லை. அன்று காலை அவனுக்கும் அவளுக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வேறு ஊரில் தொழில் தொடங்கப் போவதாக அவன் சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாம் தேதியும் பத்தாம் தேதியும் மலைப்பாதையில் தேடினார்கள். போலீசார், தீயணைப்பு வீரர்கள், அவனுடைய அலுவலக நண்பர்கள் பத்துப் பேர். மழை விட்டு விட்டுப் பெய்தது. அடிவாரத்திலிருந்து பாதித் தூரம்வரை ஒவ்வொரு வளைவிலும் இறங்கிப் பார்த்தார்கள். மீதிப் பாதையைப் பதினொன்றாம் தேதி பார்ப்பதாக ஏற்பாடு.

பத்தாம் தேதி சாயங்காலம் இன்ஸ்பெக்டர் கண்ணாடிக் கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சமவெளி ரோட்டுல சுங்கச்சாவடி கேமராவில ஒரு வெள்ளைக் கார் பதிவாயிருக்கு. நம்பர் சரியாத் தெரியல. அவரா எங்கேயாவது கிளம்பிப் போயிருக்க வாய்ப்பு இருக்கா? வீட்டுல எதுவும் பிரச்சினையா? நீங்க பெரியவங்க, மறைக்காம சொல்லுங்க."

அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. ஷூவெல்லாம் சேறு. அந்த நேரத்தில் அவருக்கு மைத்துனன் மேல் வந்தது கோபம்தான். எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு இத்தனை பேரை அலைக்கழிக்கிறான் என்று தோன்றியது.

"போயிருப்பான் சார். போறேன் போறேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான்" என்றார்.

மறுநாள் தேடல் சமவெளிப் பக்கம் மாறியது. அந்த வெள்ளைக் கார் ஒரு பல் டாக்டருடையது என்று தெரிய நான்கு நாள் ஆனது. பத்தொன்பதாம் தேதி, விறகு பொறுக்கப் போன ஒருவர், மலைப்பாதையின் தேடாத பாதியில், சரிவுக்குக் கீழே புதருக்குள் காரைப் பார்த்தார்.

பிணவறை டாக்டர் வெளியே வந்து அவர் மனைவியையும் மைத்துனன் மனைவியையும் பார்த்துச் சொன்னார்: "விழுந்த உடனேயே போயிருக்கும்மா. அவருக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் அடக்கம் வரைக்கும் நடமாடினார்கள். வந்தவர்களிடமெல்லாம் அவர் மனைவி அதையே சொன்னாள். "கஷ்டப்படல. டாக்டரே சொல்லிட்டார். என் தம்பி கஷ்டப்படல."

ஒரு வாரம் கழித்து உடைமைகளை வாங்க அவரும் மைத்துனன் மனைவியும் காவல் நிலையம் போனார்கள். ஏட்டு ஒரு ஃபைலை நீட்டி அவளிடம் கையெழுத்து வாங்கினார். பர்ஸ், சாவிக்கொத்து, உடைந்த போன், ஒரு பிளாஸ்டிக் உறையில் கடிகாரம். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபைலைச் சிறிது நேரம் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "கடிகாரம் உங்ககிட்டயே இருக்கட்டும்ணா" என்றாள்.

கடைக்கு வந்து, பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மேசை விளக்கடியில் உறையைப் பிரித்தார். கையில் எடுத்ததும் நொடிமுள் நகரத் தொடங்கியது. சட்டென்று மேசைமேல் வைத்தார். சில நொடிகள் ஓடி மறுபடி நின்றது. அதற்குள் அவர் தேதியைப் பார்த்துவிட்டார்.

பதின்மூன்று. மணி ஏழு இருபத்து சொச்சம்.

முதலில் அவருக்கு உறைக்கவில்லை. பிறகு கணக்குப் போட்டார். முழுச் சாவி ஏறியிருந்தாலும், கை அசைவு நின்றபின் இந்த இயந்திரம் நாற்பது மணி நேரம்தான் ஓடும். தூக்கி வந்த குலுக்கலில் சில நிமிடங்கள் கூடியிருக்கலாம், தேதி மாறியிருக்காது. பதின்மூன்றாம் தேதி காலை ஏழரை என்றே வைத்துக்கொண்டாலும், நாற்பது மணி நேரம் பின்னால் போனால் பதினொன்றாம் தேதி பிற்பகல். அதுவரைக்குமாவது அந்தக் கை அசைந்திருக்கிறது. அதற்குப் பிறகும் அசைந்திருக்கலாம். அதற்கு முன்னால் நின்றிருக்க வழியே இல்லை.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். சாவி கொடுக்கும் குமிழ் திருகி மூடப்படாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது தற்செயலாகத் திறக்கிற திருகு அல்ல. அவன் கையாலேயே சாவி கொடுத்திருக்கிறான். வெளி வளையமும் திரும்பியிருந்தது. எதையோ அளந்திருக்கிறான். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கத்துவது என்றா, மேலே வண்டி போகும் இடைவெளியையா, வேறு எதையா, தெரியவில்லை.

பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, குமிழை இழுத்து, முட்களைச் சுற்றி, தேதியை எட்டாக மாற்றினார். மாலை ஆறே முக்காலில் நிறுத்தி, குமிழை வெளியே இழுத்தபடியே விட்டார். இனி அது ஓடாது.

மனைவி கேட்டபோது காட்டினார். அவள் முகப்பைக் கட்டைவிரலால் தடவினாள். "விழுந்த உடனே இதுவும் நின்னுடுச்சு போல" என்றாள். "ஆமா" என்றார். அன்று அவள் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தட்டுச் சோறு முழுதாகச் சாப்பிட்டாள். செய்தது சரிதான் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு காலை, கடை திறந்த கையோடு மைத்துனன் மனைவி வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அந்தக் கடிகாரத்தைப் பாக்கணும்."

எடுத்துக் கொடுத்தார். பார்த்தாள்.

"எட்டுன்னு இருக்கு."

"ஆமாம்மா. அன்னிக்கே..."

"ஸ்டேஷன்ல ஃபைல்ல போட்டோ இருந்துச்சுணா. கார்லேயே வெச்சு எடுத்தது. அவர் கையோட. அதுல பதிமூணு."

வெளியே யாரோ ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க அவர்கிட்ட சொன்னதையெல்லாம் அவர் வந்து என்கிட்ட சொல்வார். எனக்குப் பிடிக்குதோ பிடிக்கலையோ, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன். நாற்பது மணி நேரம்னு சொல்லியிருக்கார். ஒரு ஞாயித்துக்கிழமை கழட்டி வெச்சு, எப்ப நிக்குதுன்னு ரெண்டு பேரும் பாத்தோம்." அவள் குரல் உடையவில்லை. "மூணு வாரமா நீங்க வந்து சொல்வீங்கன்னு பாத்தேன்."

"உங்களால தாங்க முடியாதுன்னுதான்..."

"என்னாலயா, உங்களாலயா? பத்தாம் தேதி இன்ஸ்பெக்டர்கிட்ட என்ன சொன்னீங்கன்னும் எனக்குத் தெரியும். அவரே சொன்னார். 'உங்க வீட்டுப் பெரியவர் சொன்னதாலதான் அந்தப் பக்கம் போனோம்'னு." கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள். "அண்ணிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்."

அன்று மதியமே கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லி முடிக்கும்வரை மடித்தாள். தேதியை மாற்றியதையும் சொன்னார். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பதினொண்ணாம் தேதி மத்தியானம் நாம என்ன பண்ணிக்கிட்டிருந்தோம்?"

அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அவன் எங்கேயோ பத்திரமாக இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அன்றுதான் இருவரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாலை நாலரைக்குத்தான் எழுந்தார்கள்.

"தூங்கினோம்" என்றார்.

அவள் மடித்த துணிகளில் தன்னுடையதை மட்டும் தனியாக எடுத்து ஒரு பையில் வைத்தாள். தம்பி மனைவியின் வீட்டுக்குப் போனாள். அவர் தடுக்கவில்லை. அவர் காவல் நிலையம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இதை வெச்சு இனிமே என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

இருபது நாள் கழித்து மனைவி போன் செய்தாள். "அந்த இடத்துக்கு எங்களைக் கூட்டிட்டுப் போங்க."

மூவரும் போனார்கள். அந்த வளைவில் தடுப்புச் சுவர் கிடையாது. நட்ட இரண்டு கற்களில் ஒன்று சாய்ந்திருந்தது. மேலே நின்று பார்த்தால் பச்சைப் புதர் மட்டுமே தெரிந்தது. காரை எடுத்துவிட்டார்கள். ஒடிந்த கிளைகளில் இலைகள் மறுபடி துளிர்த்திருந்தன.

"நீங்க கீழ இறங்குங்க. கார் கிடந்த இடத்துல நில்லுங்க" என்றாள் மனைவி.

ஏன் என்று கேட்காமல் இறங்கினார். செடிகளைப் பிடித்து, உட்கார்ந்து நகர்ந்து, கைகளில் சிராய்ப்போடு அடிக்குப் போய்ச் சேர்ந்தார். தரையில் கண்ணாடித் தூள் மினுங்கியது. அண்ணாந்து பார்த்தார். சாலை தெரியவில்லை. ஒரு லாரி கியர் மாற்றி ஏறுவது கேட்டது. அது போனதும், மேலே மனைவி தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவ்வளவு உரக்கக்கூட இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் கீழே வந்து சேர்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். பிறகு தம்பியின் மனைவி கூப்பிட்டாள்.

அவர் மேலேறி வர வெகுநேரம் ஆனது. மூச்சு வாங்கியது. இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்டுச்சா?" என்றாள் மனைவி.

"கேட்டுச்சு."

அவள் தலையை ஆட்டினாள். தம்பி மனைவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினார்.