இடது கால் பிரேக்

எஸ்டேட் துரையின் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் செல்லையாவுக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று வேலப்பன் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

வேலப்பன் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். உலகச் சண்டைக்கு முந்தி இங்கிலாந்திலிருந்து வந்த அந்த வண்டியைப் பதினோரு வருடம் துடைத்து, எண்ணெய் போட்டு, ஓட்டியும் பார்த்து வைத்திருந்தவன் அவன்தான். துரைக்கு முட்டிவலி வந்தபின் மூன்று வருடமாக அது பங்களாக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. எழுபத்தாறாம் வருடம் துரை சீமைக்குக் கிளம்பியபோது, தன்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுப்பார் என்று வேலப்பன் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். லாரி டிரைவர் செல்லையா கோட்டையெல்லாம் கட்டவில்லை. பங்களா வாசலில் போய் நின்று, மோட்டாரைத் தனக்குத் தருவீர்களா என்று கேட்டான். துரை கொடுத்துவிட்டார்.

"அழுத பிள்ளைக்குத்தான் பாலு. நீங்க வாயத் தொறந்து கேட்டீங்களா?" என்றாள் அவன் மனைவி ருக்குமணி.

"நான் ஏன்டி கேக்கணும்? அவருக்கே தெரிய வேணாமா?"

"தெரியலயே. சோறு ஆறுது, சாப்புடுங்க."

மோட்டார் எங்கேயாவது கண்காணாமல் இருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். செல்லையாவின் வீடு எதிர் வரிசை லயத்தில், நேருக்கு நேராக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் மோட்டார்தான். இன்ஜினைக் கழற்றிக் கோணிச்சாக்கில் பரப்பி, மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒவ்வொன்றாக ஊறப்போட்டுத் துலக்கினான் செல்லையா. அவன் மனைவி சாரதா சக்கரக் கம்பிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். ஈப்போவுக்குத் தேயிலை ஏற்றிப் போகிற நாளெல்லாம் லாரியில் ஏதாவது ஒரு சாமான் வந்து இறங்கியது. ஒருநாள் பிஸ்டன் ரிங், ஒருநாள் செயின். வேலப்பன் ஜன்னலைச் சாத்துவான். கொஞ்ச நேரத்தில் அவனே திறப்பான்.

பழையபடி ஆக்குவதோடு விட்டானா? கறுப்புப் பெட்ரோல் டாங்கிக்குச் சிவப்புச் சாயம் அடித்தான். கைப்பிடியை உயர்த்தினான். சாரதா பின்னால் உட்காருவதற்காக ஹோண்டா சீட்டை நீட்டிப் பொருத்தினான். வேலப்பனுக்கு ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்கு எவனோ மொட்டை போடுவது போல இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அவன் வாசலில் நின்றே எதிர்வீட்டு மோட்டாரைப் புகழ்ந்தார்கள். அதுதான் அவனுக்கு ஆகவே ஆகவில்லை.

செல்லையா அடிக்கடி வந்து சந்தேகம் கேட்பான். "அண்ணே, பிளக்குல பொறி வரல. எங்க பாக்கணும்?" வேலப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதி பதில் சொல்வான். அந்தப் பாதியை வைத்தே செல்லையா மீதியைக் கண்டுபிடித்துவிடுவான். வயிற்றெரிச்சலுக்கு அது இன்னும் நெய்.

ஒன்றை மட்டும் செல்லையா கேட்கவில்லை. அந்த மோட்டாருக்குக் கியர் டாங்கி ஓரத்தில், கையால் மாற்றுவது. கால் பிரேக் இடது பக்கம். முன்சக்கரப் பிரேக் பேருக்குத்தான். லாரியிலும் சரி, எஸ்டேட்டில் எல்லோரும் ஓட்டும் ஹோண்டாவிலும் சரி, பிரேக் வலது காலுக்கு. அவசரத்தில் செல்லையாவின் கால் எந்தப் பக்கம் மிதிக்கும் என்று வேலப்பனுக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன், கேட்காதவனுக்கு என்ன வந்தது என்று வாயை மூடிக்கொண்டான். சாக வேண்டாம், ஊர் பார்க்க ஒரு தடவை தேயிலைக்குள் விழுந்தால் போதும் என்பது அவன் கணக்கு.

வேலையெல்லாம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை மாரியம்மன் கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. லயமே கூடிவிட்டது. கோயிலிலிருந்து ஃபேக்டரிக்கு இறங்கும் பாதை செங்குத்து. அடியில் கொண்டை ஊசி வளைவு. வேலப்பன் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டான். சிவப்பு டாங்கி மேல் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

அப்போதுதான் சாரதா புதுச்சேலையோடு வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அவளும் பின்னால் ஏறப் போகிறாள். இந்தப் பெண்ணை வேலப்பன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. சொல்லிவிடுவோமா என்று ஓர் அடி முன்னால் வைத்தான்.

செல்லையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "வாங்கண்ணே. இந்த மோட்டார உசிரா வச்சிருந்தது நீங்கதான். எலுமிச்சம்பழத்த நீங்களே ஏத்தி நசுக்குங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க."

பூசாரி முன்னால், ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி முன்னால், மொத்த லயமும் பார்க்க! வேலப்பனுக்குச் சொல்ல வந்தது மறந்தே போயிற்று. ஏறி உட்கார்ந்து ஒரே மிதியில் ஸ்டார்ட் செய்தான்.

"அண்ணே, ஒரு விசயம்..." என்று செல்லையா குனிந்தான்.

"எனக்கே சொல்லித் தர்றியா? பதினோரு வருசம் ஓட்டுனவன்டா!"

கையால் கியரைத் தள்ளினான். எலுமிச்சம்பழம் நசுங்கியது. இறக்கத்தில் காற்று முகத்தில் அடித்தது. பதினோரு வருடமும் அவனுக்கே திரும்பி வந்தாற்போல் இருந்தது. வளைவு வந்தது. இடது காலால் அழுத்தி மிதித்தான். அங்கே வெறும் மிதிகட்டைதான் இருந்தது. மறுபடி மிதித்தான். மூன்றாவது மிதிக்குள் தேயிலைச் செடி வந்துவிட்டது.

செல்லையாதான் முதலில் ஓடிவந்தான். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலப்பனின் முழங்கையைப் புரட்டிப் பார்த்தான்.

"அடி பட்டுச்சாண்ணே? என் தப்புண்ணே. லாரி ஓட்டுற காலு, இடது பக்கம் பழகாதுன்னு பிரேக்க வலது பக்கம் மாத்திட்டேன். தெரிஞ்சும் ஒங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேனே! ஏதாச்சும் ஆயிருந்தா ருக்குமணி அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. வேலப்பனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. 'நானும்தான்டா தெரிஞ்சே சொல்லாம விட்டேன்' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டான்.

சாய்ந்து கிடந்த மோட்டாரின் அடிவயிறு கண்ணுக்கு நேரே தெரிந்தது. கியர்ப் பெட்டிக்கு அடியில், ஜன்னலிலிருந்து கண்ணில் படாத இடத்தில், வலது மிதியை இடது பிரேக்கோடு இணைத்துக் குறுக்கே ஓர் இரும்புக் கம்பி, இரண்டு முனையிலும் கச்சிதமான வெல்டிங். பதினோரு வருடத்தில் தனக்குத் தோன்றாதது இந்த லாரிக்காரனுக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கத்தால் குனிந்திருந்த அந்த நேரத்திலும் வேலப்பனுக்கு நெஞ்சு எரியத்தான் செய்தது.

முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எப்படிடா பண்ணுன இத? எனக்குக் காட்டுறியா?" என்றான்.

அந்த மோட்டார் விஷயத்தில் அவன் வாய் திறந்து ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. செல்லையா கையைத் துடைத்துக்கொண்டு சேற்றிலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.