படத்தில் இருந்தது யார் கை

விவாகரத்து ஆனபோது வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்வது சுலபமாக இருந்தது. கட்டில் அவனுக்கு, பீரோ அவளுக்கு, பாத்திரங்கள் ஆளுக்குப் பாதி. பட்டறையை மட்டும் பிரிக்க முடியவில்லை. தோலை வெட்டுவது அவன், தைப்பது அவள். அவன் போய்விட்டால் அவளிடம் மிஞ்சுவது நூல் உருண்டைகள். அவள் போய்விட்டால் அவனிடம் மிஞ்சுவது அழகாக வெட்டிய துண்டுகள். இரண்டில் எதையும் யாரும் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போக முடியாது.

அதனால் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த பட்டறையின் இரண்டு அறைகளில் தோலைப் பற்றி மட்டும்தான் பேச்சு. சாயங்காலம் பூட்டியதும் அவரவர் வழி. தையல்காரி தன் பங்குக்கு ஒரே ஒரு மாற்றம் செய்தாள். அதுவரை 'நீங்க' என்று கூப்பிட்டவனை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

எதற்கும் ஒன்றும் சொல்லாதவன் அவன். கல்யாணம் முறிந்ததே அதனால்தான். குடிக்கிறவனோ அடிக்கிறவனோ அல்ல. நல்ல செய்தி என்றால் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருவான். கெட்ட செய்தி என்றால் வாயில் பூட்டு. குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்ன விஷயமே, அடுத்து குடிவரப்போகிறவர்கள் சமையலறையை அளக்க வந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. "உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல" என்றான். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பாள்!

ஆனாலும் கல்யாணத்தில் ஓடாத வண்டி பட்டறையில் ஓடியது. அவன் வெட்டினால் ஓரம் பிசிறில்லாமல் வரும். அவள் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கமிருந்தும் குத்தி இழுத்துத் தைப்பாள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை விடாது. அவர்கள் செய்த பைகளைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அவன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதை அவளுக்குச் சொன்னவர் கீழே இருந்த சைக்கிள் கடைக்காரர். "என்னம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே?" என்று, டயரைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே கேட்டார்.

"அவர் என் வீட்டுக்காரர் இல்ல" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். அவன் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான்.

"கல்யாணமாமே?"

"ஆமா... சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? குழந்தை பொறந்த பிறகா?"

அவன் கத்தியைத் தீட்டப் போய்விட்டான்.

புதியவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு, 'கூடமாட உதவி செய்ய' ஒரு நாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றாள். பல் வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியவள் என்பதால் எல்லாரையும் பார்த்துச் சிரிப்பாள்.

"அக்கா, உங்களைப் பத்தி இவரு நிறைய சொல்லியிருக்காரு."

"என்னை அக்கான்னு கூப்பிடாதீங்க."

"சரிக்கா."

தையல்காரி கண்ணை மூடித் திறந்தாள். வயதில் சின்னவளைப் போய் 'நீங்க' என்று பேசியது மரியாதைக்காக அல்ல. ஒட்டவேண்டாம் என்பதற்காக. ஆனால் தள்ளி நிறுத்தினால் தள்ளி நிற்கும் ரகமில்லை அது.

முதல் வாரம் புதியவள் நூல்களை அடுக்கி வைத்தாள். தடிமன் வாரியாக இருந்தவற்றை நிறம் வாரியாக மாற்றினாள். பார்க்க வானவில் மாதிரி இருந்தது. பெல்ட்டுக்கு வேண்டிய தடி நூலைத் தேடித் தையல்காரி ஒவ்வொரு உருண்டையாக விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் அறைக்கு வாசனைத் திரவம் அடித்தாள். தோலின் வாசனைக்காகவே பையை முகர்ந்து பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அன்று வந்த ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "மல்லிகைப்பூ வாசனை வருதே, இது நிஜத் தோல்தானா?" என்று கேட்டார்.

"இத அடிக்க வேணாம்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு" என்று தையல்காரி அவனிடம் சொன்னாள்.

"சொல்றேன்."

சொல்லவில்லை. வாசனைத் திரவ டப்பாவைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். புதியவள் தீர்ந்துபோச்சு என்று நினைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கி வந்தாள்.

பிறகுதான் அந்தப் படம். பட்டறைக்கென்று போனில் ஒரு பக்கம் திறந்திருந்தாள் புதியவள். அதில் பழுப்புநிறத் தோலின் மேல் ஊசி பிடித்த ஒரு கை. நகத்தில் ரோஜா நிறச் சாயம். அதற்குக் கீழே, 'கணவன் வெட்ட, மனைவி தைக்க, ஒவ்வொரு பையிலும் எங்கள் காதல்' என்று எழுதியிருந்தது. தையல்காரி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். மெழுகு ஏறிக் கறுத்த விரல்கள், நூல் இழுத்து இழுத்து விழுந்த காய்ப்பு. பிறகு அவனிடம் போனாள்.

"இது என்ன?"

"அவளுக்கு ஆசை. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்கல. விடு, நாலு பேர் பாத்து வந்தா நல்லதுதானே."

நாலு பேர் பார்த்தார்கள். நாற்பது பேரும் பார்த்தார்கள். படிக்கட்டில் புதுப்புது செருப்புகள் தெரிந்தன. வந்தவர்கள் பையைப் பார்ப்பதற்கு முன்பு, "அந்த ஜோடி எங்க?" என்று கேட்டார்கள். ஒரு பெண், மூலையில் தைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "வேலைக்கு ஆளும் வெச்சிருக்கீங்களா? நல்லா வளர்ந்துட்டீங்க" என்று அவனிடம் பாராட்டாகச் சொன்னாள். அவன் சிரித்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று தையல்காரி இழுத்த இழுப்பில் நூல் இரண்டு முறை அறுந்தது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவன் அவள் மேசை பக்கமாக வந்து, நகராமல் நின்றான். எதையோ கேட்கப் போகிறான் என்று தெரிந்தது.

"என்ன?"

"நாளைக்குப் பரிசுக் கடை நடத்துற ஒரு அம்மா வர்றாங்க. பெரிய கடை. நாம செய்யறத நேர்ல பாக்கணுமாம். பிடிச்சா தொடர்ந்து எடுப்பாங்க."

"வரட்டும்."

"அவங்க அந்தப் படத்தப் பாத்துட்டு வர்றாங்க... அதான்... ஒரு மணி நேரம்தான். நீ கொஞ்சம்..."

"நான் கொஞ்சம்?"

"கீழ இருந்தீன்னா..."

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். தன் மேசை, தன் ஊசி, தன் தையல். அதைப் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படாமல் தான் ஒளிந்துகொள்ள வேண்டும்.

"இது யார் யோசனை?"

"அவதான்... ரொம்பப் பிடிவாதம் பிடிக்கிறா."

சண்டை போட்டிருக்கலாம். ஆனால் அவனோடு சண்டை போடுவது பஞ்சு மூட்டையைக் குத்துவது மாதிரி. குத்துகிறவள் கைதான் வலிக்கும். "சரி, போறேன். எக்கேடோ கெட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் சைக்கிள் கடையில், கவிழ்த்துப்போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். பரிசுக் கடைக்கார அம்மா காரிலிருந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி படியேறுவதைப் பார்த்தாள். மேலே நாற்காலி இழுபடும் ஓசை. புதியவளின் சிரிப்பு. சைக்கிள் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பெடல் ஒன்றைத் துடைத்தார்.

அப்புறம் மேலே ஓர் அலறல்.

"அக்கா! அக்கா!"

தையல்காரி இரண்டிரண்டு படியாக ஏறினாள். அவள் மேசையில் புதியவள் உட்கார்ந்திருந்தாள். தோலில் ஓட்டை போடும் குத்தூசி அவள் கட்டைவிரலின் சதையில் இறங்கி நின்றது. பாதி தைத்த பையின் மடிப்பில் ரத்தம் சொட்டியது. அவன் ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான். வந்திருந்த அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கியிருந்தாள்.

"கையை ஆட்டாதே. என்னைப் பாரு. அதைப் பாக்காதே" என்று சொல்லிக்கொண்டே தையல்காரி ஊசியை வந்த வழியே நேராக இழுத்தாள். துணியைச் சுற்றி இறுக்கி அழுத்தினாள். "தோலை ரெண்டு முழங்காலுக்கு நடுவுல பிடிக்கணும்னு யாராவது சொன்னாங்களா உனக்கு? குத்தூசிக்கு எதிரா விரலை வெச்சா விரல்லதான் ஏறும்."

"நீங்க இப்படித்தான் வெப்பீங்கன்னு நெனச்சேன்க்கா" என்று புதியவள் அழுதாள்.

"நீங்க யாரு?" என்று பரிசுக் கடைக்கார அம்மா கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று காத்திருக்கத் தையல்காரிக்குப் பொறுமை இல்லை.

"தைக்கிறவ நான்தாங்க. முன்னாடி இவருக்குப் பொண்டாட்டி. இவ இப்ப இருக்கிற பொண்டாட்டி. படத்துல இருக்கிறது இவ கை. பையில இருக்கிறது என் கை. பை வேணும்னா பாருங்க. காதல் வேணும்னா அது இங்க செய்யறதில்ல."

அந்த அம்மா கொஞ்ச நேரம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "முதல்ல அந்தப் பொண்ணைக் கட்டுப் போடக் கூட்டிட்டுப் போங்க. நான் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டுத் திரும்பியதும் புதியவள் தையல்காரியின் முன்னால் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் அழுகை நின்று கோபம் வந்திருந்தது.

"அக்கா, உங்களுக்கு இஷ்டமில்லன்னா நேத்தே சொல்லியிருக்கலாம்ல? சரின்னு சொல்லிட்டு இப்படி வந்தவங்க முன்னாடி..."

"நான் எதுக்குச் சரின்னேன்?"

"படம் போடறதுக்கு. அந்த வரி எழுதறதுக்கு. இன்னிக்கு உங்க இடத்துல நான் உக்கார்றதுக்கு. உங்களுக்குக் கூச்சம், வெளியாள் முன்னாடி தைக்க மாட்டீங்க, நீங்களே என்னை உக்காரச் சொன்னீங்கன்னு இவர் சொன்னாரே!"

தையல்காரி மெதுவாகத் திரும்பினாள். அவன் ஜன்னல் பக்கமாக, தோல் வெட்ட அளவாக வைக்கும் மாதிரி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே அடுக்கியிருந்த அட்டைகள்.

"எங்கிட்ட நீ என்ன சொன்னே? அவ பிடிவாதம் பிடிக்கிறான்னு சொன்னே."

"நானா பிடிவாதம் பிடிச்சேன்?" என்று புதியவள் எகிறினாள். "எனக்கு பயமா இருக்கு, வேணாம்னு நேத்து சாயங்காலமே சொன்னேன்!"

"ரெண்டு பேருக்கும் கஷ்டமா இருக்குமேன்னு..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு" என்று தையல்காரி சொன்ன அதே நேரத்தில் புதியவளும், "பேசாதீங்க" என்றாள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். அதில் அவனுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

தையல்காரி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை மாதமாக இந்தப் பெண்மேல் வளர்த்து வைத்திருந்த எரிச்சலை இப்போது எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. கொஞ்சம் நியாயமான எரிச்சலும் இருந்தது. நூல் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. ஆனால் பாதிக்கு மேல் இவனுடைய கைங்கரியம்.

"நாளையிலிருந்து" என்றாள் புதியவளிடம், "யார் வந்தாலும் பேசறது நீ. உனக்கு அது வருது. இவனுக்கும் வராது, எனக்கும் வராது. ஆனா பொய் எழுதாதே. நூலைத் தொடாதே. வாசனை அடிக்காதே."

"நூல்... அழகா இருந்துச்சேக்கா."

"தொடாதே."

"சரிக்கா."

அவனுக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். இனி எதைச் சொல்வதானாலும் இரண்டு பேரும் ஒன்றாக இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். ஒருத்தியிடம் மற்றவளைப் பற்றி மூச்சு விடக்கூடாது. அவன் தலையாட்டினான். அவன் தலையாட்டலை நம்பி ஒரு முறை ஏமாந்தவள் தையல்காரி. ஆனால் இந்தத் தடவை கண்காணிக்க இன்னொரு ஜோடிக் கண் இருந்தது.

பரிசுக் கடைக்கார அம்மா போன் செய்தாள். தோள்பை வேண்டாம், சின்ன பர்ஸ்கள் மட்டும் முதலில் கொஞ்சம் அனுப்புங்கள் என்றாள். கூட வைக்கும் அட்டையில் என்ன எழுதுவது என்று புதியவள் யோசித்து, 'இதைச் செய்த இருவருக்கும் ஒத்துப்போவது தோலில் மட்டும்தான்' என்று எழுதிக் காட்டினாள். எழுதிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

தையல்காரிக்கும் உதடு துடித்தது. அடக்கிக்கொண்டு, "அதை அடிச்சு விடு. கையால வெட்டி, கையால தைச்சதுன்னு போடு. போதும்" என்றாள். பழைய படத்தை எடுத்துவிட்டு வேறு போட்டாள் புதியவள். அதில் கையே இல்லை. தையல் மட்டும் இருந்தது.

பர்ஸ் வேலை பாதி நடக்கும்போது ஒரு காலையில் அவன் வந்து அறையின் நடுவில் நின்றான். தையல்காரி மெழுகில் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். புதியவள் போனில் யாருக்கோ விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். நெற்றி வேர்த்திருந்தது. இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தான்.

"தோல் அனுப்பறவர் இந்த மாசம் தர முடியாதுன்னுட்டார்" என்றான். "போன வாரமே சொல்லிட்டார். சொன்ன தேதிக்கு நம்மால முடியாது."

"போன வாரமா!" என்று புதியவள் கத்தினாள்.

தையல்காரிக்கும் சுருக்கென்று ஏறியது. ஒரு வாரம் தாமதம். வேறு ஆளைப் பிடிக்க வேண்டும், அந்த அம்மாவிடம் தவணை கேட்க வேண்டும், மிச்சத் துண்டுகளில் எத்தனை தேறும் என்று பார்க்க வேண்டும். திட்டுவதற்கு வாயெடுத்தாள். பிறகுதான் உறைத்தது. அவனைத் தெரிந்த இத்தனை வருஷத்தில் ஒரு கெட்ட செய்தியை அவன் வாயிலிருந்து அவள் கேட்பது இதுவே முதல் முறை.

"சரி" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "மிச்சத் துண்டையெல்லாம் எடுத்துட்டு வா, பாக்கலாம்." புதியவள் பக்கம் திரும்பி, "நீ அந்த அம்மாவுக்குப் போன் போடு. உள்ளதைச் சொல்லு."

அவன் உள்ளறைக்கு ஓடினான். புதியவள் எண்ணைத் தேடினாள். தையல்காரி இரண்டு ஊசியிலும் நூலைக் கோத்து, இருக்கும் பர்ஸையாவது முடிப்போம் என்று குனிந்தாள்.