ஓநாயின் இடது பின்னங்கால்

டாக்டர் பொறுமைசாலி. கடிக்க வருகிற நாயிடம்கூடக் குரலை உயர்த்த மாட்டார். வீட்டின் கீழ்த்தளத்தில் நாய், பூனை, கிளிகளுக்கு வைத்தியம், மாடியில் குடித்தனம் என்று நிம்மதியாக இருந்தார். ஆனால் 'பௌர்ணமிக்கு மறுநாள்' என்ற பழைய பேய்ப்படத்தின் பேரை எடுத்துவிட்டால் போதும், மனிதருக்குச் சாமி வந்துவிடும்.

பகலில் மனிதனாகவும் நிலா வெளிச்சத்தில் ஓநாயாகவும் திரிகிற ஒருவனின் கதை அது. படம் வந்து முப்பத்தைந்து வருடம் ஆகியும் பேச்சு ஓயவில்லை. பார்த்தவர்களில் பயந்தவர்கள் ஒரு கட்சி, அழுதவர்கள் ஒரு கட்சி. டாக்டர் மூன்றாவது கட்சி. அதில் தலைவரும் அவர்தான், தொண்டரும் அவர்தான். அந்தக் கட்சியின் ஒரே கொள்கை, ஓநாய் சரியில்லை என்பது.

அவருடைய மனைவி அழுத கட்சி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. கல்யாணத்துக்கு முன்பு இருவரும் சேர்ந்து பார்த்த முதல் படமே அதுதான். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, டாக்டர் அவள் காதருகே குனிந்து, "நகம் இப்படி வளைஞ்சிருக்காது" என்று சொன்னாராம். "அன்னைக்கே எழுந்து போயிருக்கணும்" என்று அவள் இன்றும் சொல்வாள்.

மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் தன் அப்பாவை முதல்முறையாக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. காலையிலேயே அவள் டாக்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓநாய் வேண்டாம்ப்பா."

"நான் ஏம்மா அதை எடுக்கப் போறேன்?" என்றார் டாக்டர், பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி.

வந்தவர்களை வரவேற்க அவள் கீழே இறங்கிப் போனாள். பையன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் என்ஜினியர். சாதாரணமாக எதற்கும் பதறாதவன், இன்று கேட் பக்கம் அவளை ஒதுக்கிக்கொண்டு போனான்.

"ஒண்ணு சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"என்ன?"

"அந்த ஓநாய் எங்கப்பாதான்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மனிதனாக நடித்தது கதாநாயகன். முடி முளைத்த பிறகு உள்ளே இருந்தது இவனுடைய அப்பா. அப்போது அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், குட்டிக்கரணம் போடுவதில் கெட்டிக்காரர். படத்தின் கடைசியில் அவர் பெயர் வரும்போது பாதிப் பேர் எழுந்து வாசலுக்குப் போயிருப்பார்கள்.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"ஸ்கூல்ல என்னை எல்லாரும் குட்டி ஓநாய்னுதான் கூப்பிடுவாங்க. அதுவும் இல்லாம, உங்கப்பா அந்தப் படத்தை என்ன பாடு படுத்துவார்னு நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கே! அப்பாகிட்ட வாயைத் திறக்க வேண்டாம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பெரியவர் காருக்குப் பக்கத்தில், சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு நின்றார். ஒல்லியான, சிறிய உருவம். மழமழவென்று வழித்த முகம், தலையில் மருந்துக்குக்கூட முடியில்லை. ஓநாய்க்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

சாப்பாடு நன்றாகத்தான் போனது. டாக்டரின் மனைவி பரிமாறினாள், பெரியவர் வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். அந்த நேரம் பார்த்து, கீழே வைத்தியத்துக்காக விட்டிருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி ஊளையிட்டது.

டாக்டர் காதைத் தீட்டிக்கொண்டார். "இது பசியில போடற ஊளை. தனிமையில வேற மாதிரி வரும். இதையெல்லாம் எவன் கவனிக்கிறான்? அந்தப் 'பௌர்ணமிக்கு மறுநாள்' படத்தையே எடுத்துக்கோங்க..."

மகள் கையிலிருந்த கரண்டி விழுந்தது. மனைவி, வேலைப் பழக்கத்தில், மேசைக்கு அடியில் பிரேக்கை மிதிப்பது போல அவர் காலை ஓங்கி மிதித்தாள். வண்டி நிற்கவில்லை.

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்றார் டாக்டர், பெரியவரிடம்.

"ரொம்பக் கிட்ட இருந்து."

"ஓநாய் எப்படி?"

பெரியவர் யோசித்தார். "சுமார்தாங்க."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. கட்சிக்கு முதல் உறுப்பினர்! பல், காது, வால் என்று ஒன்றுவிடாமல் பிரித்து மேய்ந்தார். பெரியவரும் சளைக்காமல் ஒத்து ஊதினார். "வாலைப் பத்தி நானும் நினைச்சிருக்கேன். அது எப்பவும் ஒரு பக்கமாவே தொங்கும்."

"போதும் நிறுத்துங்க" என்றாள் மனைவி. "தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்னு, உள்ளே பொண்டாட்டி தட்டு எடுத்து வைக்கறதைப் பாக்குமே அந்த ஓநாய், அந்தக் கண்ணு ஒண்ணு போதாதா? அதைப் பாத்து அழாதவங்க மனுஷங்களே இல்லை."

பெரியவரின் காது சிவந்தது. தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"கண்ணை விடு, காலைப் பாரு" என்றார் டாக்டர். "சுவர் தாண்டற வரைக்கும் ஒழுங்கா ஓடுது. தாண்டின பிறகு இடது பின்னங்கால் நொண்டுது. ஆகா, என்ன நடிப்புன்னு எல்லாரும் எழுதினாங்க. அடிபட்ட மிருகம் காலைத் தரையிலயே வைக்காதுங்க. தூக்கிட்டு மூணு கால்ல ஓடும். இது ஊனி ஊனி ஓடுது. உயிர் போற மாதிரி வலிக்குது, ஆனாலும் ஊனுது. எந்த மிருகமாவது அப்படிச் செய்யுமா?"

பெரியவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மிருகம் செய்யாது. மனுஷன் செய்வான்."

"எதுக்கு?"

"மழைக் காட்சிக்காகக் கொண்டு வந்த தண்ணி லாரி காலியாகிட்டு இருந்துச்சு. நிறுத்தினா முடி எல்லாத்தையும் மறுபடி ஒட்ட அரை நாள் ஆகும். அத்தனை பேர் நனைஞ்சுட்டு நிக்கறாங்க. கணுக்கால் உடைஞ்சுதுன்னு சொல்ல வாய் வரல."

"கணுக்கால் உடைஞ்சது உங்களுக்கு எப்படி..."

"அப்பா!" என்றான் பையன்.

"சொல்ல வேண்டாம்னுதானே சொன்னே. பொய் பேசுன்னு சொல்லலையே" என்றார் பெரியவர்.

முதலில் புரிந்தது மனைவிக்குத்தான். எழுந்து நின்றுவிட்டாள். "ஐயோ, அந்தக் கண்ணு! வந்ததிலிருந்து எங்கேயோ பாத்த மாதிரியே இருக்குன்னு நினைச்சேன்!"

டாக்டர் எதையோ விழுங்கியவர் போல உட்கார்ந்திருந்தார். வாலைப் பற்றிப் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நான் ஏதோ வாய்க்கு வந்தபடி..." என்று ஆரம்பித்தார்.

"இல்லைங்க." பெரியவரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "இத்தனை வருஷமா எல்லாரும் அதை நடிப்பு நடிப்புன்னு பாராட்டினாங்க. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டினேன். அது வலின்னு கண்டுபிடிச்சது நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய், பெரியவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"காலைக் காட்டுங்க."

"ஐயோ, வேண்டாங்க!"

"காட்டுங்கன்னா."

கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். "எலும்பு சரியாக் கூடல. குளிர் காலத்துல வலிக்குமே?"

"வலிக்கும்."

"நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க."

"உங்ககிட்டதான் காட்டிட்டேனே."

"எனக்கு நாலு கால் வேணும். உங்களுக்கு ரெண்டு குறையுது."

பெரியவர் வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எல்லாரும் கலந்துகொண்டார்கள். மகளுக்குச் சிரிப்போடு கண்ணீரும் வந்தது.

சாப்பிட்டு முடித்த கையோடு, தேடிப் பிடித்துப் படத்தை டிவியில் போட்டார்கள். பெரியவர் அதை முழுதாகப் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஜன்னல் காட்சி வந்ததும் மனைவி நிறுத்தச் சொன்னாள்.

"இந்த இடத்துல மனசுல என்ன நினைச்சீங்க?"

பெரியவர் சங்கடத்தோடு மொட்டைத் தலையைத் தடவினார். "பொய்ப் பல்லை மாட்டிட்டா ஒண்ணும் சாப்பிட முடியாதுங்க. காலையிலிருந்து பட்டினி. உள்ளே மேசை மேல நிஜச் சாப்பாடு இருந்துச்சு."

பையன் சோபாவிலிருந்து சரிந்தே விட்டான். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "பசியோ என்னவோ, நான் அழுதது அழுததுதான்" என்று எழுந்து போய், இன்னொரு தட்டு நிறையக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

சுவர் தாண்டும் காட்சியும் வந்தது. டாக்டர் வாயே திறக்கவில்லை. ஓநாய் காலை ஊன்றும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டதை, பக்கத்தில் இருந்த மனைவி பார்த்தாள்.

சாயந்தரம் கார் கிளம்பும் நேரத்தில்தான் மகள் திடுக்கிட்டாள். "கல்யாணத்தைப் பத்தி யாருமே பேசலையே!"

"அதுல பேச என்னம்மா இருக்கு?" என்றார் டாக்டர். பிறகு பெரியவர் தோளில் கையைப் போட்டு, "வாங்க சம்பந்தி" என்று சொல்லி, மதியம் ஊளையிட்ட நாயைக் காட்டக் கூட்டிப் போய்விட்டார். இருவரும் திரும்பிவர வெகுநேரம் ஆனது.

இரண்டு அப்பாக்களையும் நம்பிப் பயனில்லை என்று மனைவிக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவளே பையனுக்குப் போன் செய்து தேதியைக் குறித்தாள்.